அப்பாவுக்கு மூன்றாவது நாற்காலி: தாய்-சேய் நலத்தில் தந்தையரைச் சேர்க்க அரசு என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் குழந்தையின் முதல் ஆண்டிலும் தந்தையருக்கும் பொறுப்பு உண்டு என்று பல அரசுகள் சொல்கின்றன. சுவரொட்டி ஒட்டுவதையும் விழிப்புணர்வு வாரம் கொண்டாடுவதையும் தாண்டி, சுகாதாரத் துறையும் தொழிலாளர் துறையும் எதைச் செய்தால் இது உண்மையில் நடக்கும்?

மாற வேண்டியவை மூன்று: மருத்துவமனை அவரை நடத்தும் விதம், வேலையிடம் அவருக்குத் தரும் நேரம், குழந்தைக்காக அவர் கையில் ஒப்படைக்கப்படும் வேலை. பிரசாரம் இந்த மூன்றுக்கும் துணைதான். மூன்றும் மாறாத இடத்தில் எவ்வளவு பிரசாரம் செய்தாலும், ஆர்வத்தோடு வந்த மனிதரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதில்தான் போய் முடியும்.

ஆனால் இவற்றுக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய திட்டங்கள் சறுக்கி விழுந்தது அங்கேதான். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த பரிந்துரை, கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் அதற்குப் பிந்தைய நாள்களிலும் ஆண்களை ஈடுபடுத்தச் சொல்கிறது. பெண்ணின் விருப்பத்தையும் அவளே முடிவெடுக்கும் உரிமையையும் மதிக்கும் விதத்தில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும் என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தான்சானியாவில் பார்க்கலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவாமல் தடுக்க, முதல் பரிசோதனைக்குக் கணவரும் சேர்ந்து வர வேண்டும் என்று ஊக்குவித்தார்கள். மேலே ஊக்குவிப்பாக இருந்தது, கீழே மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கட்டாயம் ஆகிவிட்டது. துணைவரோடு வந்தவர்கள் வரிசையில் முந்தினார்கள். தனியாக வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள், சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். துணைவர் இல்லாதவர்கள் உள்ளூர்த் தலைவரிடம் கடிதம் வாங்கி வர வேண்டியிருந்தது. கைவிடப்பட்டவர், மணமாகாதவர், கணவர் வெளியூரில் இருப்பவர் என்று யாருக்குப் பராமரிப்பு மிக அவசியமோ அவர்களே இதில் அதிகம் அடிபட்டார்கள்.

அதனால் எந்தச் சுற்றறிக்கையானாலும் முதல் பத்தியில் இந்த வாக்கியம் இருக்க வேண்டும்: எந்தச் சேவையும், எந்த உதவித்தொகையும், வரிசையில் எந்த இடமும் ஆண் துணை வந்தாரா என்பதைப் பொறுத்து அமையாது. அடுத்து, படிவத்தில் ‘கணவர்’ என்று இருக்கும் இடத்தில் ‘நீங்கள் தேர்ந்தெடுக்கும் துணை’ என்று மாற்ற வேண்டும். பெரும்பாலோர் கணவர் பெயரைத்தான் எழுதுவார்கள். தாயின் பெயரையோ அக்காவின் பெயரையோ எழுத வேண்டியவருக்கும் அங்கே இடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது விதி பலருக்குத் தோன்றாதது. ஒவ்வொரு பரிசோதனையிலும் பெண்ணைத் தனியாகப் பார்க்கும் சில நிமிடங்கள் கட்டாயம் வேண்டும். வீட்டில் அடி உதை உண்டா என்ற கேள்வியை அடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்க முடியாது. முந்தைய கர்ப்பம், பழைய தொற்று, கருக்கலைப்பு பற்றிய கேள்விகளும் அப்படித்தான். “நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்று அவரை எழுப்பி அனுப்பினால் சந்தேகம் வரும், வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லோருக்கும் ஒரே நடைமுறை என்று ஆக்கிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை: எடை, சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்றுப் பரிசோதனை ஆகியவை உள்ளறையில் பெண்ணுக்கு மட்டும், அதே நேரத்தில் வெளியறையில் துணைவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப்படும். அதன் பிறகு இருவரும் சேர்ந்து உட்காருவார்கள்.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். ஒரு சாதாரணப் பரிசோதனை நாளைப் பக்கத்தில் நின்று கவனித்தால் போதும். கணவர் மனைவியை அழைத்து வருகிறார், சீட்டு எடுக்கிறார், பையையும் ஸ்கேன் கோப்பையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார். ‘பெண்கள் மட்டும்’ என்ற பலகையைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். உள்ளே இரண்டே நாற்காலிகள், ஒன்று மருத்துவருக்கு, இன்னொன்று கர்ப்பிணிக்கு. மனைவி வெளியே வந்ததும், “என்ன சொன்னாங்க?” என்கிறார். “ஒண்ணும் இல்லையாம், மாத்திரை குடுத்திருக்காங்க” என்று பதில் வருகிறது. ரத்த அழுத்தம் சென்ற முறையைவிட ஏறியிருக்கிறது, கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் நடுராத்திரியானாலும் உடனே வர வேண்டும் என்று உள்ளே சொன்னது கதவைத் தாண்டி வெளியே வரவே இல்லை. அந்த ராத்திரி வண்டி பிடிக்கப் போவது கதவுக்கு வெளியே நின்றிருந்தவர்.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. அறைக்கு மூன்றாவது நாற்காலி ஒன்று, நடுவில் ஒரு திரை, பலகையில் வேறு வாசகம். இவற்றைவிட முக்கியம் பதிவேடு. பதிவேட்டில் கட்டம் இல்லாத வேலை மருத்துவமனையில் நடப்பதில்லை. கர்ப்பிணியின் அட்டையில் துணைவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், தொலைபேசி எண், ரத்த வகை, அவருக்குச் செய்த பரிசோதனைகள், எந்தெந்த ஆலோசனையில் உடனிருந்தார் என்பவற்றைச் செவிலியர் நிரப்ப வேண்டும் என்று வைத்தால், அவரிடம் பேசுவது வேலையின் ஒரு பகுதியாகிவிடும்.

எல்லாப் பரிசோதனைக்கும் வரச் சொல்வது நடக்காத காரியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலின்படி கர்ப்பகாலத்தில் எட்டுச் சந்திப்புகள்: 12 வாரத்துக்குள் ஒன்று, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில். நாள்கூலிக்குப் போகிறவரிடம் எட்டு நாள் கேட்டால் ஒரு நாள்கூட வர மாட்டார். மூன்றை மட்டும் ‘இருவரும் வரும் நாள்’ என்று குறிக்கலாம்: முதல் சந்திப்பு, ஸ்கேனோடு சேர்ந்த 20ஆம் வாரம், பிரசவத் திட்டம் போடும் 34 அல்லது 36ஆம் வாரம். வாரத்தில் ஒரு மாலையோ ஒரு விடுமுறை நாளோ அதற்கென்று திறந்திருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் அவர் பெயருக்கு இருக்கட்டும், ஆனால் அதைப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். கணவரிடம் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

முதல் சந்திப்பில் அவரையும் பரிசோதிப்பதற்கு அழுத்தமான மருத்துவக் காரணம் உண்டு. சிபிலிஸ் தொற்றுள்ள கர்ப்பிணிக்குப் பென்சிலின் போட்டுக் குணப்படுத்தினாலும், துணைவருக்குச் சிகிச்சை தராவிட்டால் தொற்று அவளுக்குத் திரும்ப வரக்கூடும்; கருவிலிருக்கும் குழந்தைக்கும் போகக்கூடும். எச்.ஐ.வி.யிலும் ஹெபடைடிஸ் பி-யிலும் துணைவரின் நிலை தெரியாமல் பாதி வேலைதான் நடக்கிறது. பிரேசில் இதைத் துணைவருக்கான கர்ப்பகாலப் பரிசோதனை என்றே பெயரிட்டு நடத்துகிறது: ரத்த வகை, ரத்த அழுத்தம், தொற்றுப் பரிசோதனைகள், விட்டுப்போன தடுப்பூசிகள் எல்லாம் அதில் அடங்கும். மருத்துவமனைப் பக்கமே வராத வயதில் இருக்கும் ஆணுக்கும் இது பயன், அதனால் அவர் வருவதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

34ஆம் வாரத்துச் சந்திப்பு வேறு வகை. தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் இரண்டும் வீட்டிலும் வழியிலும் நடப்பவை. ஆகவே ஒரு தாளில் இருவரும் எழுத வேண்டியவை: எந்த மருத்துவமனை, அங்கே முடியாவிட்டால் அடுத்தது எது, பகலில் எந்த வண்டி, ராத்திரி எந்த வண்டி, ஓட்டுநர் எண், கையில் ரொக்கம் எவ்வளவு, ரத்தம் தரக்கூடிய இருவர், மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது. கடைசி வரியைத் தவறவிடக் கூடாது: கணவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யார் முடிவெடுப்பது? ‘அவளே’ என்று அவர் கையால் எழுதிக் கையொப்பமிட்டால், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்மாண்டுவில் 442 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, பெண்ணுக்கு மட்டும் ஆலோசனை சொல்வதையும் தம்பதியாக உட்காரவைத்துச் சொல்வதையும் ஒப்பிட்டது. தம்பதியாகக் கேட்டவர்கள் பிரசவத்துக்கு அதிக ஏற்பாடுகள் செய்திருந்தார்கள், பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கும் கூடுதலாக வந்தார்கள். ஆனால் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த இரண்டாவது முடிவையும் கொள்கை வகுப்பவர்கள் மறக்கக் கூடாது. ஆலோசனையால் ஆவது உண்டு. சாலையும் படுக்கையும் மருத்துவரும் இல்லாத குறையை ஆலோசனை தீர்க்காது.

ஆபத்து அறிகுறிகளைத் தந்தைக்குச் சொல்லும்போது நீளமான பட்டியலை ஒப்பிப்பதால் பயனில்லை. தாய்க்கு: அடுத்தடுத்து பஞ்சு நனையும் ரத்தப்போக்கு, வலிப்பு, பார்வை மங்கலோடு கடும் தலைவலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். குழந்தைக்கு: பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது மார்பு உள்வாங்குவது, தூண்டினாலும் அசைவில்லாமை, உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸுக்கு ஏறுவது அல்லது 35.5க்குக் கீழே இறங்குவது, முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் படருவது, எந்த நாளிலும் உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது. மூச்சை எண்ணுவதை அங்கேயே செய்துகாட்டி, அவரையும் கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணவைக்க வேண்டும். பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக இராது. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறும்.

பிரசவ அறையில் துணை இருப்பதற்கு ஆதாரம் வலுவானது. 26 ஆய்வுகளையும் 15,000க்கு மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு. அது, வலி நேரம் முழுவதும் தொடர்ந்து ஒருவர் துணையாக இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலிநேரம் சற்றுச் சுருங்குகிறது என்று காட்டியது. அந்தத் துணை யார் என்பது பெண்ணின் தேர்வு. பிரேசில் 2005இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. ஆனால் சட்டம் வந்த பிறகும் தடை மூன்று இடங்களில் நிற்கும். ஒன்று, திரையே இல்லாத பொது வார்டு: பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் மானத்தைக் காக்க ஆண்களை வெளியே நிறுத்துவார்கள், அது நியாயம்தான். ஆகவே படுக்கைக்குப் படுக்கை கூரையிலிருந்து தொங்கும் திரைச்சீலைக்குப் பணம் ஒதுக்காமல் ஆணை போடக் கூடாது. இரண்டாவது, வாசல் காவலர். பயிற்சிப் பட்டியலில் மருத்துவர் இருப்பார், செவிலியர் இருப்பார். முதலில் ‘இல்லை’ என்று சொல்கிற காவலர் இருக்க மாட்டார். மூன்றாவது, உள்ளே வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியாமை. தலைமாட்டில் நிற்க வேண்டும், இடுப்பின் அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்திக் கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், நடக்கத் தோள் கொடுக்கலாம், மயக்கம் வந்தால் அப்படியே தரையில் உட்கார வேண்டும், கிருமி நீக்கிய கருவிகளைத் தொடக் கூடாது. கருவிகள் தவிர்த்த மற்றவற்றை 34ஆம் வாரத்திலேயே ஒருமுறை பழக்கிவிடலாம்.

குழந்தை பிறந்த பிறகு தந்தைக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய வேலை கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை இது. எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறந்த குழந்தையை நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை வெறும் மார்போடு அணைத்து வைக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் தாயால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. தாய்தான் முதலில், முடியாத வேளைகளில் தந்தை முறை எடுக்கலாம். அவர் கைகழுவி, வாசனைத் திரவியம் இல்லாமல், முன்பக்கம் திறந்த சட்டையோடு சாய்நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். மல்லாந்து படுக்கக் கூடாது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அணையாடை மட்டும். மார்போடு மார்பு ஒட்ட, நிமிர்ந்த நிலையில், கைகால் தவளைபோல மடங்கியிருக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடை நெஞ்சில் அழுந்தாதபடி சற்றே தூக்கியிருக்க வேண்டும். கட்டும் துணியின் மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே வரும். உதட்டு நிறமும் மூச்சும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். தலை சரிந்து தாடை மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும். பெரும்பாலும் தவறு நடப்பது அங்கேதான். இதற்கு அரசு செய்ய வேண்டியது: பச்சிளங்குழந்தைப் பிரிவில் தந்தைக்குப் பார்வையாளர் நேரம் என்ற ஒன்று இருக்கக் கூடாது. அவர் பார்வையாளர் அல்ல.

தாய்ப்பாலிலும் தந்தைக்கு இடமுண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், பால் கட்டுவது, ‘பால் போதவில்லை’ என்ற பயம், வேலைக்குத் திரும்புவது போன்ற சிக்கல்களை எப்படிச் சமாளிப்பது என்று தந்தையருக்கு 40 நிமிடப் பயிற்சி தரப்பட்டது. ஆறாம் மாதத்தில் அவர்கள் குடும்பங்களில் 25 சதவீதத்தினர் முழுத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 15 சதவீதம். பால் பவுடர் டப்பாவை வாங்கப் போகிறவருக்கு, எதற்காக இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். விடுப்புச் சட்டங்களில் பல நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று: விடுப்பைத் ‘தாயோ தந்தையோ’ என்று பொதுவாக வைத்தால் தாய்தான் எடுப்பார். ஸ்வீடன் 1974இலேயே இருவருக்கும் பொதுவான விடுப்பைக் கொண்டுவந்தது. தந்தையர் மிகக் குறைவாகவே எடுத்தார்கள். நார்வே 1993இல் நான்கு வாரங்களைத் தந்தைக்கு மட்டும் ஒதுக்கியது, எடுக்காவிட்டால் அந்த வாரங்கள் போய்விடும். சில ஆண்டுகளில் பெரும்பாலான தந்தையர் எடுக்கத் தொடங்கினார்கள். ஸ்வீடன் 1995இல் ஒரு மாதத்தை அப்படி ஒதுக்கியது, 2016இல் அது மூன்று மாதமானது. ஐஸ்லாந்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்கு மூன்று மாதம், தந்தைக்கு மூன்று மாதம், பொதுவில் மூன்று என்று பிரித்து, சம்பளத்தில் 80 சதவீதத்தைத் தந்தது. ஸ்பெயினில் 2021இல் இருவருக்கும் சமமாக 16 வாரம், முழுச் சம்பளம், முதல் ஆறு வாரம் கட்டாயம் என்றானது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களான தந்தையருக்கு 15 நாள் உண்டு, தனியார் துறைக்கு நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை.

சம்பளம் குறைவாகவோ பணியிடப் பழக்கம் எதிராகவோ இருந்தால் நீண்ட விடுப்பும் காகிதத்தில்தான் கிடக்கும். ஜப்பானில் தந்தையருக்குத் தாராளமான உரிமை இருந்தும், 2012இல் தகுதியுள்ளோரில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களே எடுத்தார்கள். 2022இல் சட்டம் மாறி, ஊழியர் கேட்கும்வரை காத்திராமல் முதலாளியே அவரிடம் போய் விருப்பம் கேட்க வேண்டும் என்றானது. பிறந்த எட்டு வாரத்துக்குள் இரண்டாகப் பிரித்து எடுக்கத்தக்க நான்கு வார விடுப்பும் வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் 2023 முதல் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று வெளியிட வேண்டும் என்றும் ஆனது. அந்த ஆண்டு விகிதம் 30 சதவீதத்தைத் தொட்டது.

விடுப்பைத் துண்டு துண்டாக எடுக்க விடுவது இன்னொரு முக்கியமான விஷயம். ஸ்வீடன் 2012இல் குழந்தையின் முதல் ஆண்டில் 30 நாள் வரை தாயும் தந்தையும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்கலாம் என்று தளர்த்தியது. தந்தையர் எடுத்தது சில நாள்களே, ஆனால் தாய்க்கு முடியாத நாளில் எடுத்தார்கள். தாய்மாருக்கு எழுதப்பட்ட பதற்ற மருந்துகள் அதன்பின் குறைந்ததை ஆய்வு ஒன்று காட்டியது. பரிசோதனைக்கு உடன் செல்வதற்கான சிறு விடுப்பும் இதே வகைதான்: பிரேசில் 2016இல் இரண்டு நாள் தந்தது, 2022இல் ஆறு ஆலோசனைகள் வரை நீட்டியது.

சம்பளக்காரருக்கு மட்டுமான விடுப்புச் சட்டம் நாள்கூலிக்காரரையும் சிறுகடைக்காரரையும் தொடுவதில்லை என்பதே பெரிய ஓட்டை. விடுப்புச் செலவை முதலாளி தலையில் சுமத்தினால் அவர் இளம் தந்தையரை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார். சமூகக் காப்பீட்டு நிதியிலிருந்து கொடுத்தால் அந்தத் தயக்கம் இல்லை, முறைசாராத் தொழிலாளரையும் அதில் சேர்க்க முடியும்.

தந்தையின் மனநலத்தையும் யாராவது கேட்க வேண்டும். 2010இல் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, கர்ப்பகாலத்திலும் குழந்தை பிறந்த முதல் ஆண்டிலும் பத்தில் ஒரு தந்தைக்கு மனச்சோர்வு இருக்கிறது. அழுகையாக அது வெளிப்படுவது குறைவு. எரிச்சல், குடி, வேலையில் போய் ஒளிந்துகொள்வது என்று வரும். தாயின் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் பத்துக் கேள்வி எடின்பரோ அளவுகோலையே, குறைந்த வரம்பு மதிப்பெண்ணோடு, ஆறாம் வாரத் தடுப்பூசி நாளில் தந்தைக்கும் கொடுக்கலாம்.

நடத்தையை மாற்ற ஒரு நாள் கூட்டம் போதாது. ருவாண்டாவில் சுமார் 1,200 தம்பதியரைக் கொண்டு நடந்த சோதனையில், ஆண்களுக்கு 15 அமர்வுகள், அவற்றில் எட்டுக்குப் பெண்களும் வந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் வீட்டு வன்முறை குறைந்திருந்தது, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு ஆண்கள் உடன் வருவது கூடியிருந்தது. அமர்வை நடத்தியவர்களும் உள்ளூர்த் தந்தையரே.

இனி அளவுகோல். ‘எத்தனை ஆண்கள் வந்தார்கள்’ என்பதை இலக்காக வைத்தால், எண்ணிக்கையை நிரப்பப் பெண்களை நெருக்குவார்கள். வேறு நான்கைக் கேட்கலாம்: உங்களுக்குத் துணையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்பட்டதா என்று பெண்ணிடம், மூன்று ஆபத்து அறிகுறிகளைச் சொல்லுங்கள் என்று தந்தையிடம், பெண்ணைத் தனியாகப் பார்த்த பதிவு இருக்கிறதா என்று அட்டையில், தனியாக வந்த பெண்கள் சராசரியாக எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்று வரிசைச் சீட்டில். ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கிறோம் என்றால், திட்டம் தொடங்கும் முன்பே அந்தக் கடைசி எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். ஆறாம் மாதத்தில் அது ஏறியிருந்தால், வந்த ஆண்களின் எண்ணிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் திட்டத்தை நிறுத்தி, வாசலில் என்ன சொல்கிறார்கள் என்று போய்க் கேட்க வேண்டும்.